அறியாத உணவும் ஆகாத உணவும்





சமையற்குறிப்பையும் மார்க்கச் சிந்தனையையும் ஒரே கட்டுரையில் எழுதுவது வழக்கத்திற்கு மாறாகத் தோன்றலாம். ஆயினும் சென்ற சில மாதங்களாக எங்கள் இல்லத்தில் இவ்விரண்டும் பிரிக்க இயலாதவாறு பின்னிக் கிடக்கின்றன. எங்களுக்கு நேர்ந்ததை மறைக்காமல் எழுதினால், எங்களைப் போன்ற பிற பெற்றோருக்கும் அது பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில், கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் சேர்ந்து இதனை எழுதுகிறோம்.

எங்கள் மூத்த மகள் பள்ளி மேல்நிலை வகுப்பில் பயில்கிறாள். தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்காக மாணவியர் சிலர் ஓர் உணவகத்திற்குச் சென்றனர். அங்கே சாசேஜும் மூலிகை இலைகளும் சேர்த்துச் சமைத்த பாஸ்தாவை அனைவரும் பகிர்ந்து உண்டனர். புறப்படும் வேளையில், அந்தச் சாசேஜ் பன்றி இறைச்சியால் ஆனது என்பதை உடன் இருந்த பெண் ஒருத்தி உணவுப் பட்டியலில் படித்துச் சொல்லியிருக்கிறாள். எங்கள் மகள் வீட்டுக்கு வந்து யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பத்து நாட்கள் கடந்தன. ஒரு மாலை மஃக்ரிப் தொழுகை முடிந்ததும், தன் நன்னியின் அருகில் அமர்ந்து, "தெரியாம ஹராமைத் தின்னுட்டா தொழுகை கூடுமா நன்னி?" என்று கேட்டிருக்கிறாள். கேட்டதும் அழுதுவிட்டாள். பத்து நாட்களாக அந்தப் பிள்ளை சுமந்த பாரம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

அறியாமல் நேர்ந்த பிழைக்காக அல்லாஹ் குற்றம் பிடிப்பதில்லை. உள்ளம் வேண்டுமென்றே துணிந்து செய்வதற்கே பொறுப்பு உண்டு என்பது திருக்குர்ஆன் 33ஆம் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் நமக்குத் தரும் பாடம். அதை எடுத்துச் சொல்லி அவளைத் தேற்றினோம். அத்துடன் முடிந்திருக்க வேண்டிய செய்திதான். ஆனால், பெற்றோருக்கே உரிய வழக்கப்படி நாங்கள் மேலும் ஒரு கேள்வி கேட்டோம். "உண்பதற்கு முன் அது என்ன இறைச்சி என்று ஏனம்மா விசாரிக்கவில்லை?"

அவள் சொன்ன பதில் இது: "கேட்டு என்ன ஆகப்போகுது அத்தா? நம்ம வீட்டுல பாஸ்தாவே ஹராம்னுதானே சொல்வீங்க."

அந்தப் பதில் எங்கள் உறக்கத்தைக் கெடுத்தது. ஏனெனில் அதில் உண்மை இருந்தது.

நாங்கள் எப்போதேனும் பாஸ்தாவை ஹராம் என்று சொன்னோமா? தெளிவாக அப்படித் தீர்ப்பளித்ததாக நினைவில்லை. ஆனால் நூடுல்ஸ் கேட்டபோது "அதெல்லாம் நமக்கு ஆகாது" என்றோம். பீட்சா கேட்டபோது "அதில் என்னென்ன சேர்க்கிறார்களோ, ஹராமாக இருக்கும்" என்றோம். விலை கூடுதல் என்பதால் மறுத்த நாளும் உண்டு. வயிற்றுக்கு ஒவ்வாது என்பதால் மறுத்த நாளும் உண்டு. எங்களுக்கு அந்த உணவு பழக்கமில்லை என்பதாலேயே மறுத்த நாட்கள் அவற்றைவிட அதிகம். காரணங்கள் வெவ்வேறாக இருந்தன. சொல் மட்டும் ஒன்றாக இருந்தது. பிள்ளைகளோடு வாதாடும் நேரத்தை மிச்சப்படுத்த, மார்க்கத்தின் மிகக் கனமான சொல் ஒன்றை நாங்கள் சில்லறைக் காசாகச் செலவழித்திருக்கிறோம்.

விளைவு என்ன? எல்லாமே ஹராம் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, மெய்யான ஹராம் எதிரே வந்தபோது அதைப் பிரித்தறியும் தேவையே தோன்றவில்லை. ஏற்கெனவே எல்லை கடந்துவிட்டதாக எண்ணியவள், எல்லைக்கு அப்பால் எது இருக்கிறது என்று ஏன் விசாரிக்கப் போகிறாள்? ஹராம் என்ற சொல்லை நாம் எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துகிறோமோ, அவ்வளவுக்கு அதன் காவல் தளர்ந்து போகிறது. இதுவே இக்கட்டுரையில் நாங்கள் வலியுறுத்த விரும்பும் கருத்து.

இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பன்று. நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இதற்கு மிகத் தெளிவான முன்மாதிரி உண்டு. அவர்களின் முன் ஒருமுறை பொரித்த உடும்பு இறைச்சி வைக்கப்பட்டது. அவர்கள் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார்கள். உடனிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள், இது ஹராமா என்று வினவினார்கள். இல்லை, இது என் சமூகத்தார் வாழும் மண்ணில் இல்லாதது, அதனால் என் மனம் இதை விரும்பவில்லை என்ற கருத்தில் நபியவர்கள் விடையளித்தார்கள். காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து, நபியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உண்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

இந்நிகழ்ச்சியை நாம் எத்தனையோ முறை பயான்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் நம் வீட்டு உணவு மேசையில் அதைப் பொருத்திப் பார்த்திருக்கிறோமா? பழக்கமில்லாதது வேறு, விலக்கப்பட்டது வேறு என்பதை நபியவர்கள் ஒரே விடையில் பிரித்துக் காட்டினார்கள். தமக்குப் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றே சொன்னார்கள். அதன்மேல் மார்க்கத்தின் முத்திரையைக் குத்தவில்லை. தம் எதிரில் மற்றவர் உண்பதைத் தடுக்கவும் இல்லை. நாவுக்குத் தோன்றியபடி இது ஆகும், இது ஆகாது என்று சொல்லி அல்லாஹ்வின் மீது பொய்யை ஏற்றிவிடக் கூடாது என்று திருக்குர்ஆன் 16ஆம் அத்தியாயம் 116ஆம் வசனம் எச்சரிக்கிறது. அவன் ஆகுமாக்கிய நல்லவற்றை நாமாக விலக்கிக்கொள்ள வேண்டாம் என்பது 5ஆம் அத்தியாயம் 87ஆம் வசனத்தின் அறிவுரை. ஹராமை ஹலால் என்பது எத்தகைய குற்றமோ, ஹலாலை ஹராம் என்பதும் அத்தகையதே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

எனவே ஒரு முடிவுக்கு வந்தோம். எந்த உணவால் எங்கள் மகள் கலங்கினாளோ, அதே உணவை எங்கள் வீட்டில், எங்கள் கையால், ஹலாலாகச் சமைத்து அவளோடு அமர்ந்து உண்பது.

"அது வெள்ளைக்காரன் தீனி, நமக்கு எதுக்கு?" என்பது நன்னியின் முதல் எதிர்ப்பு. அந்த எதிர்ப்புக்கு விடை தேடியபோதுதான் வரலாற்றின் சுவையான பக்கம் ஒன்று எங்களுக்குத் திறந்தது. உலர்ந்த பாஸ்தாவைப் பெருமளவில் உற்பத்தி செய்து கப்பலேற்றி விற்ற ஊரைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றை எழுதியவர் ஒரு முஸ்லிம். ஸியூட்டா நகரில் பிறந்த புவியியல் அறிஞர் அல்இத்ரீஸீ, சிசிலியின் மன்னர் இரண்டாம் ரோஜருக்காக 1154இல் நிறைவு செய்த நூலில், பலெர்மோவுக்குக் கிழக்கே உள்ள திராபியா என்ற ஊரைக் குறிப்பிடுகிறார். அங்கே ஓடும் நீரால் ஆலைகள் சுழன்றன என்றும், இத்ரிய்யா எனப்படும் மாவு இழைகள் ஏராளமாகச் செய்யப்பட்டு, கலாப்ரியாவுக்கும் முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் அனுப்பப்பட்டன என்றும் அவர் எழுதியுள்ளார். அத்தீவு 9ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. இன்றும் தென் இத்தாலியின் சில பகுதிகளில் பாஸ்தா வகை ஒன்றுக்குத் திரியா என்று பெயர் வழங்குகிறது. அரபுச் சொல்லின் எச்சமே அது.

பாஸ்தாவை உருவாக்கியவர்கள் முஸ்லிம்களே என்று மார்தட்டுவதற்காக இதனை எழுதவில்லை. உணவு எந்த ஒரு சமூகத்தின் தனிச்சொத்தும் அன்று. நம் ஊர்ப் பிரியாணிக்குக் காரம் தரும் மிளகாயும், குழம்புக்குப் புளிப்புத் தரும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. பெருநாள் காலையில் நாம் பால் ஊற்றிக் காய்ச்சும் சேமியாவும் பாஸ்தாவும் கோதுமை மாவை இழையாக்கி உலர்த்திய ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். "கனமான சேமியான்னு நினைச்சுக்குங்க நன்னி" என்று எங்கள் இளைய மகன் விளக்கியபோது, நன்னியின் முகத்தில் இருந்த இறுக்கம் சற்றுத் தளர்ந்தது.

பாஸ்தா கோதுமை என்பதால் அதில் சிக்கல் இல்லை. சாசேஜில்தான் சிக்கல். இத்தாலியில் சால்சிச்சா எனப்படும் அவ்வுணவு பெரும்பாலும் பன்றி இறைச்சியால் செய்யப்படுவது. ஆயினும் சாசேஜ் என்பது ஒரு விலங்கின் பெயரன்று. ஒரு முறையின் பெயர். உப்பிடப்பட்டது என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது. பக்ரீத் இறைச்சியை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் உலர்த்தி உப்புக்கண்டம் போடும் நமக்கு இந்தப் பெயர் அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் ஆட்டு இறைச்சியிலும் மாட்டு இறைச்சியிலும் மெர்கெஸ் செய்கின்றனர். துருக்கியர் மாட்டு இறைச்சியில் சுஜுக் செய்கின்றனர். அங்கெல்லாம் பிள்ளைகள் இதை உண்டே வளர்கின்றனர்.

முதலில் நாங்களும் எளிய வழியையே நாடினோம். கடையில் குளிர்பெட்டியில் இருந்த கோழி சாசேஜ் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்தோம். மகளை அருகில் அமர்த்தி, அதன் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை வரிவரியாகப் படித்தோம். அன்று கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

பொட்டலத்தின் மேல் உள்ள பழுப்பு நிற முக்கோணம், அது அசைவம் என்பதை மட்டுமே சொல்லும். அது ஹலால் என்பதற்குச் சான்றாகாது. கோழி என்று முகப்பில் அச்சிட்டிருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது முழுவதும் கோழி என்று கொள்ள இயலாது. சாசேஜைச் சுற்றியுள்ள உறை விலங்கின் குடலாக இருக்கலாம். மாட்டுத் தோலிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ எடுக்கப்பட்ட கொலாஜனாகவும் இருக்கலாம். தாவர நாரிலிருந்து ஆனதாகவும் இருக்கலாம். ஜெலட்டின் எனும் பொருளும் அப்படியே, எந்த விலங்கிலிருந்து என்பதைப் பொறுத்தே அதன் நிலை அமையும். 471 என்ற எண்ணால் குறிக்கப்படும் கொழுப்புப் பொருள் தாவர எண்ணெயிலிருந்தும் விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யப்படுகிறது. எண்ணைப் பார்த்து மூலத்தை அறிய முடியாது. நாங்கள் வாங்கிய பொட்டலத்தில் ஹலால் சான்று இல்லை. உறையின் மூலமும் குறிப்பிடப்படவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஐயத்திற்குரியவற்றிலிருந்து விலகி நிற்பவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொள்கிறார் என்ற நபிமொழியின் கருத்தை எங்கள் மகள் அன்றுதான் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு புரிந்துகொண்டாள்.

முறையான ஹலால் சான்று பெற்ற சாசேஜ் கிடைத்தால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். உண்ணலாம், தடையில்லை. ஆனால் இறைவன் மனிதரை நோக்கி உண்ணச் சொல்லும்போது ஹலால் என்பதோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறான் என்பதை 2ஆம் அத்தியாயம் 168ஆம் வசனத்தில் காண்கிறோம். ஆகுமானதாக இருப்பதோடு தூயதாகவும் நல்லதாகவும் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல், பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுகிறது என்று அது மதிப்பிட்டது. எப்போதேனும் ஒருநாள் உண்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் ஹலால் முத்திரையைக் கண்டதும் நம் கேள்விகள் அனைத்தும் ஓய்ந்துவிடுவது சரியன்று.

ஆகவே வீட்டிலேயே செய்வது என்று தீர்மானித்தோம். உறையே வேண்டாம், பதப்படுத்தும் உப்பும் வேண்டாம். நம் தெருவில் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்கும் கறிக்கடையில் வாங்கிய கொத்துக்கறி போதும். எங்கள் வீட்டில் ஆறு பேருக்குச் செய்யும் முறை இது.

அரைக் கிலோ ஆட்டுக் கொத்துக்கறி, சற்றுக் கொழுப்புடன். இரண்டு தேக்கரண்டி சோம்பை வெறும் சட்டியில் வறுத்து ஒன்றிரண்டாகப் பொடிக்கவும். எட்டுப் பல் பூண்டை நசுக்கவும். ஒரு தேக்கரண்டி கொரகொரப்பான மிளகு, ஒரு தேக்கரண்டி இடித்த வரமிளகாய், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. எல்லாவற்றையும் கறியோடு நன்றாகப் பிசைந்து, குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். அஸருக்குப் பின் பிசைந்து வைத்தால் மஃக்ரிபுக்குப் பின் சரியாக இருக்கும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிசைந்துகொண்டிருந்தபோது அடுப்படிக்கு வந்த நன்னி, மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இது நம்ம கோலா உருண்டை வாசம்ல?" என்றார். மெய்தான். இத்தாலியச் சாசேஜுக்கு மணம் தரும் பொருட்களுள் முதன்மையானது சோம்பு. அடுத்தது பூண்டு. நாங்கள் அறியாத உணவு என்று ஒதுக்கியதன் மணம் எங்கள் அடுப்படியில் பல தலைமுறைகளாக இருந்து வந்திருக்கிறது. உறை இல்லாமல் உருட்டினால் உதிர்ந்துபோகும் என்று நாங்கள் தயங்கியபோது, இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவைச் சேர்க்கச் சொன்னவரும் அவரே. சேர்த்தோம். ஒன்றுகூட உதிரவில்லை.

பிசைந்த கறியை விரல் நீளத்திற்கு உருட்டி, தட்டையான சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு, எல்லாப் பக்கமும் சிவக்கும்படி மிதமான தீயில் வேக வைத்து எடுக்கவும். ஒன்றை வெட்டிப் பார்த்து, உள்ளே சிவப்பு இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளவும். அதே சட்டியில் இரண்டு வெங்காயத்தை வதக்கி, ஆறு தக்காளியை நறுக்கிச் சேர்த்து, அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிவிட்டு, கால் மணி நேரம் கொதிக்க விடவும்.

மூலிகை இலைகளுக்குப் பெருங்கடைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. இத்தாலியர் பெரிதும் விரும்பும் பேசில், நாம் திருநீற்றுப்பச்சிலை என்று அழைக்கும் செடியின் இனமே. நோன்பு திறக்கும்போது சர்பத்தில் ஊறப்போடுகிறோமே, அந்தச் சப்ஜா விதை இச்செடியின் விதைதான். அரபியில் ரைஹான் என்று அறியப்படுவதும் இதுவே. ஓரிகானோ இலைக்கு மாற்றாக மூன்று கற்பூரவல்லி இலைகளைப் பொடியாக நறுக்கிச் சேர்த்தோம். இரண்டுக்கும் மணம் தரும் முக்கியப் பொருள் ஒன்றே. கற்பூரவல்லியைத் தக்காளியோடு சேர்த்துக் கொதிக்க விடலாம். திருநீற்றுப்பச்சிலையைக் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகே கிள்ளிப் போட வேண்டும்.

அரைக் கிலோ பாஸ்தாவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், 40 கிராம் உப்பு. பொட்டலத்தில் குறித்த நேரத்திற்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்துவிட வேண்டும். வடிக்கும் நீரில் இரண்டு கரண்டி எடுத்து வைத்துத் தக்காளியோடு சேர்த்தால், அதிலுள்ள மாவுச்சத்து குழம்பைப் பாஸ்தாவோடு ஒட்ட வைக்கும். பாஸ்தாவையும் வறுத்த கறித்துண்டுகளையும் சட்டியில் போட்டு ஒரு நிமிடம் புரட்டி இறக்கவும்.

பல சமையற்குறிப்புகள் இவ்வுணவில் வெள்ளைத் திராட்சை மது ஊற்றச் சொல்கின்றன. கொதிக்கும்போது சாராயம் ஆவியாகிவிடும் என்று சமாதானமும் சொல்வார்கள். அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி, கால் மணி நேரம் கொதித்த பின்னும் ஊற்றியதில் ஏறத்தாழ 40 விழுக்காடு எஞ்சுகிறது. இரண்டரை மணி நேரத்திற்குப் பின்னும் 5 விழுக்காடு இருக்கிறது. முழுவதும் ஆவியாகிவிட்டாலுங்கூட மதுவை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவது நமக்கு ஆகுமானதன்று. அது தரும் புளிப்பை அரை மூடி எலுமிச்சைச் சாறு தந்துவிடும். பாலாடைக்கட்டி தூவ விரும்புவோர், அதை உறைய வைக்கும் ரென்னெட் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். நுண்ணுயிரிலிருந்து பெற்றதாயின் சிக்கல் இல்லை. கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததாயின், முறைப்படி அறுக்கப்படாத கன்றைப் பொறுத்தவரை ஹனஃபி, ஷாஃபியி மத்ஹபுகளின் கருத்துகள் வேறுபடுகின்றன. தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நலம். நாங்கள் பாலாடைக்கட்டி இல்லாமலேயே உண்கிறோம், குறை தெரியவில்லை.

இத்தனை ஆயத்தங்களுக்குப் பின் முதல் இரவு என்ன ஆயிற்று தெரியுமா? பாஸ்தா கொதித்துக்கொண்டிருந்தபோது மஃக்ரிபுக்கு பாங்கு சொன்னார்கள். அடுப்பை அணைக்க மறந்து அனைவரும் தொழ நின்றுவிட்டோம். சலாம் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் பாஸ்தா களியாகி இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பொறுப்பு வீட்டுத் தலைவருடையது. எனவே பழியும் அவருடையதே. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை, விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் செய்தியை இளைய மகன் அந்த நேரத்தில் நினைவூட்டினான். சிரித்துக்கொண்டே அக்களியை உண்டோம். நன்னி எலுமிச்சை ஊறுகாய் கேட்டு வாங்கித் தொட்டுக்கொண்டார். அடுத்த முறையிலிருந்து தொழுகை முடிந்த பின்னரே பாஸ்தாவைத் தண்ணீரில் போடுகிறோம்.

வீட்டுத் தலைவருக்கு அடுப்படியில் என்ன வேலை என்று உறவினர் ஒருவர் கேட்டார். இல்லத்தில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் விடை சொன்னதாகப் புகாரியில் உள்ளது. அதற்கு மேல் எங்களிடம் பதில் இல்லை.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்றையும் கருதிப் பார்க்க வேண்டும். இவ்வாறு ஒவ்வொன்றாக வீட்டுக்குள் கொண்டுவந்தால் நம் சொந்த உணவும் பண்பாடும் மறைந்துபோகாதா, பிறரைப் பார்த்து நடப்பதாகாதா என்று பெரியவர்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தில் பொருள் உண்டு. பிறர் மெச்ச வேண்டும் என்பதற்காக, விலை உயர்ந்த பொருட்களை வாங்கிக் குவித்துப் படமெடுத்துக் காட்டுவதற்காகச் சமைத்தால் அது வீண்விரயம். அதை நாங்கள் ஆதரிக்கவில்லை. எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை பாஸ்தா என்றால், மற்ற இரவுகளில் இடியாப்பமும் சால்னாவும், ரொட்டியும், சோறும்தான். அயல்நாட்டு எண்ணெய்க்கு மாறாகக் கடலை எண்ணெயே ஊற்றுகிறோம். ஆனால் பண்பாட்டைக் காக்க வேண்டும் என்றால் அதைப் பண்பாட்டின் பெயராலேயே சொல்வோம். செலவு கூடுதல் என்றால் செலவு என்றே சொல்வோம். உடலுக்கு ஆகாது என்றால் உடல் நலத்தின் பெயரால் மறுப்போம். எனக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்வதில் இழிவு எதுவும் இல்லை. நபியவர்களே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஹராம் என்ற சொல்லை மட்டும் அல்லாஹ்வும் அவன் தூதரும் வைத்த இடத்திலேயே விட்டுவைப்போம்.

நாங்கள் எழுதுவது பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள் என்பதற்காக அன்று. வெளியுலகில் பிள்ளைகள் உண்ணும் ஒவ்வொரு கவளத்தின் அருகிலும் நாம் நிற்க முடியாது. அங்கே அவர்களுக்குத் துணை நிற்கப் போவது இரண்டே: அவர்களிடம் உள்ள அறிவும், எதை வேண்டுமானாலும் வீட்டில் கேட்கலாம் என்ற நம்பிக்கையும். முதலாவதை நாம் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்துத் தர முடியும். இரண்டாவதை, அவர்கள் கேட்கும்போது முகம் சுளிக்காமல் இருந்தால்தான் தர முடியும். பத்து நாட்கள் எங்கள் மகள் தனியே அழுதது இரண்டாவது இல்லாமற்போனதால்.

சென்ற மாதம் மீண்டும் தோழியருடன் வெளியே சென்றிருந்தாள். அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா, சாசேஜ் என்ன கறின்னு கேட்டேன். கோழின்னாங்க. ஹலாலான்னு கேட்டேன், தெரியலைன்னாங்க. நான் காளான் பாஸ்தா வாங்கிக்கிறேன், அதுல வைன் ஊத்துறதில்லைன்னு சொன்னாங்க" என்றாள். ஒரு நிமிடப் பேச்சுதான். அவள் அழைப்பைத் துண்டித்த பின்பு நாங்கள் இருவரும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை.

இன்று வியாழக்கிழமை. மாலையில் கறிக்கடைக்குச் செல்ல வேண்டும். பொட்டுக்கடலை மாவு தீர்ந்துவிட்டது என்று நன்னி காலையிலேயே நினைவூட்டிவிட்டார்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன். வஸ்ஸலாம்.